அமிலம், ரெடாக்ஸ், டைட்ரேஷன்: பிளஸ் டூ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடமிருந்து ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவுமே என்று தொகுத்திருக்கிறேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் முன் ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வினையைப் பார்த்தாலும் "இங்கே எது கைமாறுகிறது, எத்தனை கைமாறுகிறது?" என்று கேளுங்கள். அமில-கார வினை என்றால் கைமாறுவது புரோட்டான். ரெடாக்ஸ் என்றால் எலக்ட்ரான். ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு, வினை முடிய எவ்வளவு ஆனது என்று அளந்து அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் வேலைதான் டைட்ரேஷன்.

புளிப்பாக இருந்தால் அமிலம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பேச்சுக்குச் சரி. அமிலம் என்ற சொல்லே புளிப்பிலிருந்து வந்ததுதான். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கின்றன. ஆனால் ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் வேறு வரையறை தேவைப்பட்டது.

1884-இல் ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ் தன் ஆய்வேட்டில், நீரில் கரையும் உப்புகளும் அமிலங்களும் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அதிலிருந்து வந்த வரையறை எளிது. நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம். பத்தாம் வகுப்பு வரை இதுவே போதும்.

சிக்கல் அம்மோனியாவில் வருகிறது. அம்மோனியா மூலக்கூறில் ஹைட்ராக்சைடு கிடையாது, ஆனாலும் அது காரம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலையும் அம்மோனியா பாட்டிலையும் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தால், நடுவில் வெண்புகை எழும். அந்தப் புகை நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. காற்றிலேயே இரண்டு வாயுக்கள் வினைபுரிந்துவிட்டன, கரைசல் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். அதே வருடம் லூயிஸ் எலக்ட்ரான் இரட்டையை வைத்து இன்னும் விரிவான வரையறை தந்தார். டைட்ரேஷனுக்கு நமக்கு வேண்டியது பிரான்ஸ்டெட்-லௌரி வரையறைதான்.

வலிமையான அமிலமும் செறிவான அமிலமும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிப் பாடம் தெளிந்துவிடும். வலிமை என்பது அமிலத்தின் குணம். செறிவு என்பது நாம் எவ்வளவு கரைத்தோம் என்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது வலிமையான அமிலமே, ஏனென்றால் கரைந்த மூலக்கூறுகள் அநேகமாக எல்லாமே அயனிகளாகப் பிரிந்துவிடும். அசிட்டிக் அமிலம் எவ்வளவு செறிவாக இருந்தாலும் வலிமை குறைந்ததுதான். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுகளே பிரிந்திருக்கும்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். 20 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு குடுவையில், 20 மி.லி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் இன்னொரு குடுவையில் இருக்கிறது. எதற்கு அதிக சோடியம் ஹைட்ராக்சைடு தேவை? வகுப்பில் பெரும்பாலும் முதல் குடுவையைத்தான் காட்டுவார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவுதான் தேவை. காரம் புரோட்டானை எடுக்க எடுக்க, பிரியாமல் இருந்த அசிட்டிக் அமில மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் கையிலேயே பணத்தை வைத்திருக்கிறார், இன்னொருவர் வங்கியில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கடைசிவரை கேட்டு வாங்கினால் இருவரிடமிருந்தும் ஒரே தொகைதான் வரும். டைட்ரேஷன் மொத்தத் தொகையைக் கணக்கிடுகிறது. பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனியை அளக்கும் பி.எச். மதிப்பு, கையில் இருப்பதை மட்டும் சொல்கிறது.

பி.எச். 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் இரண்டுதானே?

நூறு மடங்கு. பி.எச். மடக்கை அளவுகோல், ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். தயிரின் பி.எச். சுமார் 4.5, எலுமிச்சைச் சாறு சுமார் 2.5 என்று வைத்தால், எலுமிச்சையில் ஹைட்ரஜன் அயனி நூறு மடங்கு அதிகம். நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் நிற்கிறது. 1909-இல் இந்த அளவுகோலை உருவாக்கிய சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்தவர். பீர் தயாரிப்பில் நொதிகள் வேலை செய்ய அமிலத்தன்மையைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால்தான் இந்த எண் பிறந்தது.

ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது? மஞ்சளையே நிறங்காட்டியாக வைக்கலாமா?

மஞ்சள் கரைத்த நீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அது அசல் நிறங்காட்டி வினை. அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டும் பொருள்தான் நிறங்காட்டி. மஞ்சளில் இருக்கும் குர்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும். பி.எச். 8-ஐத் தாண்டும்போது சிவக்கும். வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளாவதும் இதேதான். அந்தச் சிவப்புக் கறையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், உடனே மஞ்சள் திரும்பும். செம்பருத்திச் சாறும் இப்படித்தான், காரத்தில் பச்சையாகும்.

அமிலமா காரமா என்று கண்டுபிடிக்க மஞ்சள் போதும். டைட்ரேஷனுக்குப் போதாது. குர்குமின் நீரில் சரியாகக் கரையாது. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இடமும் மெல்ல மெல்ல மாறுவதாகக் கண்ணுக்குத் தெரியும். நமக்கு வேண்டியது ஒரே சொட்டில் மாறும் நிறம்.

பினாப்தலீன் எப்போது, மெத்தில் ஆரஞ்சு எப்போது?

பினாப்தலீன் ஏறக்குறைய பி.எச். 8.2-இலிருந்து 10-க்குள் நிறம் மாறும். மெத்தில் ஆரஞ்சு 3.1-இலிருந்து 4.4-க்குள். வினை முடியும் இடத்தின் பி.எச். எங்கே இருக்கிறதோ, அங்கே நிறம் மாறும் நிறங்காட்டியை எடுக்க வேண்டும்.

வலிமையான அமிலமும் வலிமையான காரமும் என்றால் கவலையே இல்லை. 0.1 மோலார் கரைசல்களில் முடிவுநிலைக்கு, அதாவது வினை முடியும் இடத்துக்கு, ஒரு சொட்டு முன்பு பி.எச். சுமார் 4, ஒரு சொட்டு பின்பு சுமார் 10. ஒரு சொட்டில் ஆறு படி தாண்டிவிடும், அதனால் இரண்டு நிறங்காட்டியும் சரிவரும்.

ஆக்சாலிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றை சோடியம் ஹைட்ராக்சைடுடன் டைட்ரேஷன் செய்தால் பினாப்தலீன்தான். வினை முடியும்போது கரைசல் கொஞ்சம் காரத்தன்மையுடன் இருக்கும். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால், அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முறியாதபோதே நிறம் முழுக்க மஞ்சளாகி நம்மை ஏமாற்றிவிடும். சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் செய்யும்போது நிலைமை தலைகீழ். அங்கே பினாப்தலீன் பாதி வழியில், பைகார்பனேட் உண்டாகும் கட்டத்திலேயே நிறமிழந்துவிடும். கடைசிவரை வரும் மெத்தில் ஆரஞ்சுதான் வேண்டும்.

ஆக்சிஜனே இல்லாத வினையை ஏன் ஆக்சிஜனேற்றம் என்கிறோம்?

பெயர் பழைய காலத்தது. ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம், பிரிந்தால் ஒடுக்கம் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு எலக்ட்ரான் தெரிந்ததும், ஆக்சிஜன் செய்தது எலக்ட்ரானைப் பிடுங்கும் வேலைதான் என்பதும், குளோரினும் பெர்மாங்கனேட்டும் அதே வேலையைச் செய்யும் என்பதும் புரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆக்சிஜனின் பெயரிலேயே இப்படி ஒரு தவறு உண்டு. எல்லா அமிலங்களிலும் அது இருக்கும் என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, "அமிலத்தை உண்டாக்குவது" என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று பிறகு டேவி காட்டினார்.

எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். "இழப்பதற்கு ஏன் ஏற்றம் என்று பெயர்?" என்று பலர் தடுமாறுகிறார்கள். ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாகக் கணக்கு வைக்கிறோம் என்ற எண்ணைப் பாருங்கள், தமிழ்ச் சொற்கள் அழகாகப் பொருந்தும். இரும்பு +2-இலிருந்து +3-க்கு ஏறுகிறது, அது ஏற்றம். மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு ஒடுங்குகிறது, அது ஒடுக்கம். எண் ஏறினால் ஏற்றம், எண் ஒடுங்கினால் ஒடுக்கம். இதற்கு மேல் மனப்பாட வாய்பாடு எதுவும் தேவையில்லை.

மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஆணிமேல் செம்பு படியும், நீலம் மங்கும். இரும்பு இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைசலுக்குள் போகிறது, தாமிர அயனி அவற்றை வாங்கி வெளியே வருகிறது. கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் கிடையாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து ரெடாக்ஸ் என்கிறோம்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. அது ரெடாக்ஸ் வினைதானே?

நல்ல கேள்வி, நிறையப் பேர் தவறாகச் சொல்லும் கேள்வியும்கூட. பித்தளை கறுத்ததுதான் ரெடாக்ஸ். காற்றின் ஆக்சிஜன் தாமிரத்திடம் எலக்ட்ரானை வாங்கி ஆக்சைடு படலம் உண்டாக்கியது. புளி செய்வது வேறு. அதிலுள்ள அமிலம் தாமிர ஆக்சைடுடன் வினைபுரிந்து அதைக் கரைக்கிறது. ஆக்சைடில் தாமிரம் +2, கரைந்த பிறகும் +2. எண் ஏறவுமில்லை, ஒடுங்கவுமில்லை. எனவே அது அமில-கார வினை.

சோதிக்கும் முறை இதுதான்: வினைக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனேற்ற எண்களை எழுதிப் பாருங்கள். ஆப்பசோடாவில் வினிகர் விட்டால் நுரைக்கும், ரெடாக்ஸ் இல்லை. துத்தநாகத்தில் அமிலம் விட்டாலும் நுரைக்கும், அது ரெடாக்ஸ். நுரையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெர்மாங்கனேட் ஒன்றுக்கு ஃபெரஸ் ஐந்து என்பதை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா?

வேண்டாம், எண்ணிப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜன் சேர்ந்து -8. மொத்தம் பூஜ்ஜியம் ஆக வேண்டுமானால் மாங்கனீசு +7. அமிலக் கரைசலில் அது +2 ஆகிறது. ஆக, ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. ஃபெரஸ் அயனி, அதாவது இரும்பு +2, ஒன்றே ஒன்றுதான் கொடுக்கும். ஐந்து பேர் கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

ஆக்சாலிக் அமிலத்தில் கார்பன் +3-இலிருந்து +4 ஆகி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. மூலக்கூறில் இரண்டு கார்பன், அதனால் இரண்டு எலக்ட்ரான். ஐந்தும் இரண்டும் சமமாக வேண்டும் என்றால் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக். சமான நிறையும், அதாவது கைமாறும் ஒரு எலக்ட்ரானுக்குரிய நிறையும், இங்கிருந்துதான் வருகிறது. பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158, ஐந்தால் வகுத்தால் 31.6. படிக ஆக்சாலிக் அமிலம் 126, இரண்டால் வகுத்தால் 63. படிக ஃபெரஸ் சல்பேட் 278, மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) 392, இரண்டையும் ஒன்றால் வகுக்கிறோம், அதனால் அப்படியே நிற்கும்.

தெரியாத கரைசலைக் கண்டுபிடிக்க நடுவில் ஏன் ஒரு இணைப்புக் கரைசல்?

இரண்டு டைட்ரேஷனிலும் பொதுவாக வரும் கரைசல்தான் இணைப்புக் கரைசல், இங்கே பெர்மாங்கனேட். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 20 மி.லி. 0.1 நார்மல் மோர் உப்புக் கரைசலுக்கு (இது திட்டக் கரைசல், அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்தது; நார்மல் என்பது லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்ற அளவு) 19.2 மி.லி. பெர்மாங்கனேட் ஆனது. அடுத்து, செறிவு தெரியாத ஃபெரஸ் சல்பேட் 20 மி.லி.க்கு அதே பெர்மாங்கனேட் 18.4 மி.லி. ஆனது.

பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி: 20 × 0.1 ÷ 19.2 = 0.1042.
ஃபெரஸ் சல்பேட்டின் நார்மாலிட்டி: 18.4 × 0.1042 ÷ 20 = 0.0958.
லிட்டருக்கு எடை: 0.0958 × 278 = 26.6 கிராம். 250 மி.லி.யில் சுமார் 6.66 கிராம்.

இப்போது இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். விடை வெறும் 0.1 × 18.4 ÷ 19.2. பெர்மாங்கனேட்டின் செறிவு கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. கடைக்காரரின் ஆழாக்கு சரியான ஆழாக்கா என்று தெரியாவிட்டாலும், ஒரே ஆழாக்கால் இரண்டு மூட்டையையும் அளந்தால் எதில் எவ்வளவு அதிகம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? இணைப்புக் கரைசல் அந்த ஆழாக்கு. செய்முறைத் தேர்வில் இரண்டு டைட்ரேஷனுக்கும் ஒரே பாட்டில் பெர்மாங்கனேட்டை வைத்துச் செய்ய வேண்டும் என்பதும் இதனால்தான். நடுவில் பக்கத்து மேசை பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டால் ஆழாக்கு மாறிவிட்டது என்று பொருள்.

பெர்மாங்கனேட்டையே துல்லியமாக நிறுத்து எடுத்துக் கரைத்தால் என்ன?

நிறுத்து எடுக்கலாம், ஆனால் நம்ப முடியாது. அதில் மாங்கனீசு டை ஆக்சைடு கொஞ்சம் கலந்தே இருக்கும், கரைசலும் நாளடைவில் மெல்லச் சிதையும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், தட்டில் வைத்து நிறுக்கும்போதே எடை மாறும். ஃபெரஸ் சல்பேட், நம் ஊர்க் கடைகளில் அன்னபேதி என்று கிடைப்பது, காற்றுப்பட்டுப் பழுப்பேறும். அதே இரும்பை மோர் உப்பாக வைத்தால் காற்றில் வெகுநாள் தாங்கும். அதனால்தான் அது திட்டக் கரைசலாகிறது. நம் வீட்டு மோருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஜெர்மானிய வேதியியலாளர் மோர் என்பவரின் பெயர் அது.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் சேர்ப்பது ஏன் நீர்த்த கந்தக அமிலம் மட்டும்? பக்கத்திலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறதே?

வைவாவில் தவறாமல் வரும் கேள்வி. பெர்மாங்கனேட் குளோரைடு அயனியிடமிருந்தும் எலக்ட்ரானை வாங்கி குளோரினாக்கிவிடும். ஃபெரஸ் அயனியோடு குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்பதால் ரீடிங் கூடுதலாக வரும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, அது ஃபெரஸை முன்கூட்டியே ஃபெர்ரிக்காக்கிவிடும், ரீடிங் குறையும். கந்தக அமிலத்தின் சல்பேட் இரண்டு பக்கமும் சேராமல் சும்மா இருக்கும்.

இதே வினையை வீட்டிலும் நினைவில் வையுங்கள், இது மதிப்பெண்ணுக்காகச் சொல்வது அல்ல. பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர் ஓர் ஆக்சிஜனேற்றி. நன்றாகச் சுத்தமாகட்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் சுத்தம் செய்பவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கந்தக அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அடர் அமிலத்தில் தண்ணீர் விட்டால், உண்டாகும் வெப்பத்தில் மேலே நிற்கும் தண்ணீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்குகிறோம், மோர் உப்பை ஏன் சூடாக்குவதில்லை?

ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் குளிர்ந்த நிலையில் மிக மெதுவாக வினைபுரியும். முதல் சொட்டின் நிறம் போகவே காத்திருக்க வேண்டும். 60 முதல் 70 டிகிரி சூட்டில் வினை வேகமெடுக்கும், கொதிக்க மட்டும் விடக்கூடாது. கவனித்துப் பாருங்கள், முதல் சில சொட்டுகள் தயங்கும், பிறகு விட்டவுடன் நிறம் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு +2 அயனியே அடுத்து வரும் வினைக்கு வினையூக்கியாக மாறுகிறது. தன்வினையூக்கத்தைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு இது, ரீடிங் அவசரத்தில் தவறவிடாதீர்கள்.

ஃபெரஸ் அயனி அறை வெப்பத்திலேயே உடனுக்குடன் வினைபுரியும். சூடாக்கினால் காற்றின் ஆக்சிஜன்தான் அதை ஆக்சிஜனேற்றும், நமக்கு நஷ்டம்.

நடுவில் கரைசல் பழுப்பாகிவிட்டது. என்ன செய்வது?

கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை மளமளவென்று விட்டுவிட்டீர்கள். அமிலம் குறைந்தால் மாங்கனீசு +2 வரை ஒடுங்காமல் +4-இலேயே நின்று மாங்கனீசு டை ஆக்சைடாக வீழ்படிகிறது. ஐந்துக்குப் பதில் மூன்று எலக்ட்ரான்தான் கைமாறியது, அதனால் அந்த ரீடிங்குக்கு அர்த்தமில்லை.

எதை எதால் கழுவ வேண்டும்?

பியூரெட்டை (சொட்டுச் சொட்டாக விட உதவும், அளவு குறித்த குழாயை) முதலில் நீரால், பிறகு அதில் ஊற்றப்போகும் கரைசலால். குறித்த அளவை உறிஞ்சி எடுத்துக் குடுவையில் விடும் பிப்பெட்டும் அப்படியே. கூம்புக் குடுவையை நீரால் மட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பிளஸ் டூ படிக்கும்போது, சுத்தமாக இருக்கட்டும் என்று கூம்புக் குடுவையையும் மோர் உப்புக் கரைசலால் அலசினேன். ஒவ்வொரு முறையும் ரீடிங் வேறாக வந்தது, எல்லாமே கூடுதல். பெர்மாங்கனேட்டைச் சந்தேகித்தேன், பியூரெட் குழாயைச் சந்தேகித்தேன், ஒரு மணி நேரம் போனது. குடுவைச் சுவரில் ஒட்டிய மோர் உப்பு ஒவ்வொரு முறையும் கூடுதல் எலக்ட்ரானைக் கொண்டுவந்தது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. குடுவைக்குள் எத்தனை மூலக்கூறு போயிற்று என்பதைப் பிப்பெட் மட்டும்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் குடுவையில் நீர் ஒட்டியிருந்தாலும், நடுவில் சுவரை நீரால் கழுவிவிட்டாலும் தவறில்லை. நீர் சேர்ந்தால் செறிவு குறையும், எண்ணிக்கை மாறாது. பியூரெட்டில் நீர் இருந்தால் அந்த வாதம் செல்லாது, உள்ளே இருக்கும் கரைசலே நீர்த்துவிடும்.

ரீடிங் எடுக்கும்போது மேல் வளைவா, கீழ் வளைவா?

குழாய்க்குள் திரவத்தின் மேற்பரப்பு வளைந்து நிற்கும். நிறமில்லாத கரைசலுக்குக் கீழ் வளைவு, பெர்மாங்கனேட்டுக்கு மேல் வளைவு. அந்த அடர் ஊதாவில் கீழ் வளைவு தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வளைவைப் பார்த்தால் கழித்தலில் பிழை போய்விடும். கண்ணைக் கரைசல் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதாதீர்கள், அந்தத் துளியைக் கணக்கில் விட்டுவிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சவும் வேண்டாம், ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள்.

இளஞ்சிவப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. இன்னும் விட வேண்டுமா?

அரை நிமிடம் நின்றால் போதும், அதுவே முடிவுநிலை. பினாப்தலீனில் நிறம் பிறகு மங்குவது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைவதால். அதைத் துரத்திக்கொண்டு சொட்டுகளைக் கூட்டாதீர்கள். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மி.லி. வெளிர் இளஞ்சிவப்புதான் சரியான விடை, ரோஜாப்பூ நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள்.

முதலில் யார் இதையெல்லாம் செய்தார்கள்?

துணி வெளுப்பவர்களுக்காகப் பிறந்த கலை இது. 1790-களில் பிரான்சின் ரூவான் நகரில் டெக்ருவசில் என்பவர், வெளுப்பதற்கான குளோரின் கரைசல் எவ்வளவு வீரியமானது என்று பார்க்க, அவுரி நீலம் எவ்வளவு நிறமிழக்கிறது என்று அளந்தார். பியூரெட், பிப்பெட் என்ற சொற்களைப் பரப்பியவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக். இரும்பைப் பெர்மாங்கனேட்டால் அளக்கும் முறையை 1846-இல் மார்கெரித் கொண்டுவந்தார். நம் ஆய்வக மேசையில் இன்றும் நடப்பது அதுதான்.

யாழ்ப்பாணத்தில் படிக்கும் என் சித்தி மகள் "நியமிப்பு" என்கிறாள். அது என்ன?

டைட்ரேஷன்தான். இலங்கைப் பாடநூல்களில் நியமிப்பு, நம் பாடநூலில் தரம்பார்த்தல். அங்கே பியூரெட் அளவி, பிப்பெட் குழாயி, நிறங்காட்டி காட்டி. ஆக்சிஜனேற்றம் ஒட்சியேற்றம், ஒடுக்கம் தாழ்த்தல். இரண்டும் சேர்ந்தது தாழ்த்தேற்றம். ரெடாக்ஸுக்கு இவ்வளவு கச்சிதமான ஒரே சொல் நம் பக்கத்தில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. அளவியும் குழாயியும்கூட நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சொற்கள்.

வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய டைட்ரேஷன் உண்டா?

உண்டு, அதுவும் ரெடாக்ஸ். மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின், சாதம் வடித்த கஞ்சி, ஒரு சொட்டு மருந்துக் குழாய், 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்று, எலுமிச்சை. இவ்வளவுதான் வேண்டும்.

மாத்திரையைப் பொடித்து அரை லிட்டர் நீரில் கரையுங்கள். ஒரு மி.லி.க்கு ஒரு மில்லிகிராம், இது உங்கள் திட்டக் கரைசல். 10 மி.லி. எடுத்து, நீர்க்கக் கரைத்த கஞ்சித் தண்ணீர் சில சொட்டுகள் சேர்த்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். வைட்டமின் சி அயோடினுக்கு எலக்ட்ரான் கொடுத்து நிறமற்ற அயோடைடாக்கும். வைட்டமின் தீர்ந்ததும் அடுத்த சொட்டு அயோடின் கஞ்சியோடு சேர்ந்து கருநீலமாகி அப்படியே நிற்கும். சொட்டுகளை எண்ணி எழுதுங்கள். பிறகு வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 10 மி.லி.க்கும் அதே போலச் செய்யுங்கள். மாத்திரைக்கு 30 சொட்டு, எலுமிச்சைக்கு 12 சொட்டு என்று வைத்துக்கொண்டால், சாற்றில் 10 × 12 ÷ 30 = 4 மி.கி. அயோடினின் செறிவு தெரியாமலே விடை வந்துவிட்டது பார்த்தீர்களா? இங்கே அயோடின்தான் ஆழாக்கு.

நெல்லிக்காயிலும் செய்து பார்க்க ஆசை வரும். செய்யுங்கள், ஆனால் வரும் எண்ணை முழுவதும் வைட்டமின் சி என்று எழுதாதீர்கள். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின்களும் அயோடினுக்கு எலக்ட்ரான் கொடுக்கும். முடிந்ததும் எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

விரலில் பட்ட பெர்மாங்கனேட் கறை சோப்புக்குப் போகவில்லை. என்ன செய்வது?

அந்தப் பழுப்பு, மாங்கனீசு டை ஆக்சைடு. உங்கள் தோல் பெர்மாங்கனேட்டுக்கு எலக்ட்ரான் கொடுத்திருக்கிறது. சோப்பால் அதைக் கரைக்க முடியாது, இன்னும் இரண்டு எலக்ட்ரான் கொடுத்தால் நிறமற்ற +2 அயனியாகிக் கரைந்துவிடும். எலுமிச்சை மூடியால் நன்றாகத் தேய்த்து, கொஞ்சம் விட்டுக் கழுவுங்கள்.